லோடு ஆகாமல் ஜீப்பு கிளம்பாது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்மார்களே, உங்கள் பயிற்சியில் ஒன்றைக் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். விளையாட விடுவதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன விளையாடப் போறே, யாரோட, எதை வச்சு?" என்று கேட்க வேண்டும். சொன்ன விளையாட்டிலேயே பிள்ளை கொஞ்ச நேரம் நிலைத்து நிற்க உதவ வேண்டும். முடிந்ததும் என்ன செய்தாய் என்று விசாரிக்க வேண்டும். நானும் இதையெல்லாம் நோட்டில் மூன்று பக்கம் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். பிறகு பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன். அடிக்கோடு எதற்கும் உதவவில்லை.

போடியில், மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற மெட்டுக்குப் போகிற ரோட்டோரம் இருக்கும் ஒரு பகல் காப்பகத்தில்தான் என் சர்வீஸ் முழுவதும் கழிந்தது. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் விடிந்தும் விடியாமலும் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு ஜீப்பு ஏறுவார்கள். மலை தாண்டிக் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் போய் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்புவார்கள். எங்களிடம் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள நான், சமைக்க ஓர் உதவியாளர். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போயும்விடும். நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் என் சர்வீஸின் தப்பெல்லாம் நடந்திருக்கிறது.

சர்வீஸின் கடைசியில் எனக்கும் இந்தப் புதுப் பயிற்சியைக் கொடுத்தார்கள்; அது முடிந்து வந்த சூட்டில் நான் ஒரு பலகை செய்தேன். சமையல், கடை, கட்டை அடுக்குதல், மணல், பொம்மை என்று ஐந்து ஆணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, அதில் ஒரு படம், தொங்கவிட ஒரு நூல். ஒருத்தனுக்குத் தக்காளி, ஒருத்திக்குக் கிளி, ஒருத்திக்குக் குடை. காலையில் வந்ததும் தன் அட்டையை எந்த ஆணியில் மாட்டுகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் திட்டம்.

முதல் நாள் ஒன்றைத் தவிர அத்தனை அட்டையும் சமையல் ஆணியில் தொங்கின. ஆகா, பிள்ளைகள் எவ்வளவு ஒற்றுமை என்று பூரித்துப்போனேன். சமையல் மூலைக்குப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் நிஜச் சமையலறை, அங்கே முட்டை வெந்துகொண்டிருந்தது என்பதை உதவியாளர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். மறுநாள் முட்டை கிடையாது. பிள்ளைகள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். "என்ன அப்பு விளையாடப் போறே?" என்று கேட்டால், "நீங்க சொல்றதைத்தான் டீச்சர்" என்றார்கள். அந்தப் பதிலில் நான் குளிர்ந்துவிட்டேன். நானே ஆணி காட்டினேன், அவர்கள் மாட்டினார்கள். பத்து நிமிடத்தில் கடைக்காரன் மணலில் கிடந்தான், மணல்காரி பொம்மையின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் போட்ட திட்டத்தை அவர்கள் எதற்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்தப் பலகையில் ஒரே ஒருத்தி மட்டும் தன் அட்டையை மாட்டவில்லை. தேன்மொழி. நாலு வயது, குடை படம். அவள் தன் குடையைக் கொண்டுபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளில் மாட்டினாள்.

"அங்க ஆணி இல்லடி" என்று எடுத்து வந்து பொம்மை ஆணியில் மாட்டினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் குடை மறுபடி தாழ்ப்பாளில். மூன்று நாள் இந்தக் கூத்து. நாலாம் நாள் திங்கட்கிழமை, பால்காரர் வந்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனார். தேன்மொழி வெளியே ஓடி, டீக்கடை வரைக்கும் போய்விட்டாள். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. என் வகுப்பிலேயே முன்கூட்டித் திட்டத்தைச் சொல்லி, மாற்றாமல், கவனம் சிதறாமல், சொன்னபடி செய்து முடித்த ஒரே பிள்ளை அவள்தான். நான் அவளைத்தான் கவனம் இல்லாத பிள்ளை என்று ரெக்கார்டில் எழுதி வைத்திருந்தேன்.

அவள் வந்து சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் அம்மா பேச்சியம்மாள் ராசிங்காபுரத்துக்காரி. பிள்ளையின் அப்பாவுக்குக் கேரளத்தில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. காலையில் பேச்சியம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு தேன்மொழி கத்துகிற கத்தலில் ஜீப்பு ஹாரனே கேட்காது. அம்மா போன பிறகும் ரோட்டில் எந்த ஜீப்பு ஹாரன் அடித்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஒரு விளையாட்டில் இரண்டு நிமிடம் இருந்ததில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜீப்பு என்ற பேச்சே காப்பகத்தில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். நினைவுபடுத்தினால்தானே அழுவாள் என்பது என் மூளை. பொம்மை ஜீப்பைப் பரணில் ஏற்றினேன். நாற்காலியை வரிசையாகப் போட்டு 'டுர்ர்' என்று ஆரம்பித்த பையன்களை அதட்டிக் கலைத்தேன். சுவரில் இருந்த வாகனங்கள் படத்தில் ஜீப்பின் மேல் ஒரு மாட்டுப் படத்தை ஒட்டினேன்.

"பஸ்சு, லாரி, ஆட்டோ... டீச்சர், மாடு ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டான் சபரி. தக்காளி அட்டைக்காரன், எதையும் விடமாட்டான்.

"போடியில எந்த ரோட்டுல மாடு இல்ல? போய் உக்காரு."

புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் ஒரு ஜீப்பு டிரைவர் தேன்மொழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவள் காணாமல் போனதையே நான் அப்போதுதான் அறிகிறேன்.

"அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு கெளம்புறேன் டீச்சர். நம்ம வண்டியில ஆறு பேருதான, ஏழு தலை தெரியுதேன்னு எண்ணிப் பாத்தேன். மூட்டைக்குப் பின்னால இது உக்காந்திருக்கு. எங்க ஆத்தா போறேன்னு கேட்டா, காய் எடுக்கன்னு சொல்லுது."

இதை நான் சிரிப்பாகச் சொல்கிறேன். அன்று அவளை வாங்கி இறக்கிவிட்டு, மற்றப் பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணினேன். அவர் எண்ணாமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளையைத் திட்டவும் முடியாது, என்னைத் திட்டவும் அங்கே ஆள் இல்லை. சாயங்காலம் ஆள் வந்தது.

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் டீச்சர். கங்காணிகிட்டச் சொல்லிட்டு, வெள்ளிக்கிழமையிலருந்து மலைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றாள்.

"மலையில எங்க விடுவே? ஷெட்டுல தனியாவா? ரத்தம் குடிக்கிற அட்டை, மழை, யாரு பாக்குறது? பிள்ளையோட வந்தா கங்காணி எத்தனை நாளைக்கு உன்னை வேலைக்கு வச்சுக்குவாரு?"

"தெரியும். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

வியாழக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி. அந்தப் பிள்ளை இங்கே தங்குவதும், அவள் அம்மாவுக்கு வேலை தங்குவதும் அந்த ஒரு நாளில் இருந்தது.

வியாழக்கிழமை நல்ல மழை. வந்தது எட்டே பிள்ளைகள். கதவைத் தாழ்போட்டுவிட்டு, வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றுவதற்காக ஜன்னலோரம் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் நின்றிருப்பேன். காப்பகம் அமைதியாக இருப்பது அப்புறம்தான் உறைத்தது. எட்டுப் பிள்ளைகள் அமைதியாக இருந்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். பதறித் திரும்பினேன்.

நாற்காலிகள் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாகக் கிடந்தன. முன்னால் ஒரு நாற்காலியில் தேன்மொழி, கையில் சோற்றுப் பானை மூடி. ஸ்டியரிங். நான் ஒழித்துக்கட்டிய ஜீப்பு, நடு ஹாலில் நின்றது. அதட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் செல்போன், பதிவு ஏற்றப்படவில்லை என்று ஒரு சத்தம் போட்டது. கோபம் அதன் மேல் போய்விட்டது. அதனால்தான் மேற்கொண்டு நடந்ததைப் பார்க்கக் கிடைத்தது. என் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"நீ காய் எடுக்குற ஆளு. தூக்குச்சட்டி கொண்டா. நீ சாக்கு கொண்டா. மழைக்கு எல்லாரும் தலையில எதையாச்சும் போட்டுக்கோங்க" என்று தேன்மொழி ஏவிக்கொண்டிருந்தாள்.

"நான் நாயி" என்று நாலு காலில் வந்தான் சபரி.

"நாயி ஜீப்புல ஏறாது. நீ வேலைக்கு வர்றியா, இல்லையா?"

சபரி யோசித்தான். "வர்றேன்."

"அப்ப எந்திரி. சட்டி எங்க?"

எந்த விளையாட்டையும் ஐந்து நிமிடத்தில் நாய் விளையாட்டாக மாற்றிவிடுகிற சபரி, எழுந்துபோய்ச் சட்டி எடுத்து வந்து வரிசையில் உட்கார்ந்தான். ஏழு பிள்ளைகளும் தலையில் துண்டு, தட்டு, துடைக்கிற துணி என்று எதையோ போட்டுக்கொண்டு, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு, கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தார்கள். 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு நாள் இப்படி உட்கார்ந்ததில்லை.

ஆனால் ஜீப்பு கிளம்பவே இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். யாரும் ஓட்டவும் இல்லை, ஆடவும் இல்லை. என்னால் பொறுக்க முடியுமா? விளையாட்டு தேங்கி நின்றால் டீச்சர் தள்ளிவிட வேண்டும் என்று என் நோட்டில் அடிக்கோடு வேறு இருந்தது. "சரி, கெளம்புவோமா? டுர்ர்ர்..." என்று ஆரம்பித்தேன்.

எட்டுப் பிள்ளைகளும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"லோடு ஆகல டீச்சர்" என்றாள் தேன்மொழி.

அடடா, போடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிய வேண்டாமா? எந்த ஜீப்பு ஆள் நிறையாமல் கிளம்பியிருக்கிறது? தினமும் காலையில் இந்தப் பிள்ளைகள் ரோட்டில் பார்ப்பதே அந்தக் காத்திருப்பைத்தான். அவர்கள் சும்மா உட்காரவில்லை. விளையாட்டின் பாதியே அந்தக் காத்திருப்புத்தான். அதைத்தான் நான் தள்ளிவிடப் பார்த்தேன். நீங்களும் தள்ளுவீர்கள், எனக்குத் தெரியும். தள்ளுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏன் நிற்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

"எத்தனை பேரு வேணும்?" என்று கேட்டேன். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பத்து. அவளுக்கு எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான். இருப்பது ஏழு.

"பொம்மையை ஏத்திக்கலாமே" என்றேன்.

"பொம்மை காய் எடுக்குமா?"

நான் ஏறினேன். எட்டு. உதவியாளரைக் கூப்பிட்டேன், அடுப்பை அணைத்துவிட்டு அவளும் ஏறினாள். ஒன்பது. சின்ன நாற்காலியில் முட்டி தாடையில் இடிக்க, மடியில் தூக்குச்சட்டி, தலையில் கைதுடைக்கிற துணி என்று நான் உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். உதவியாளர் இறங்கிப்போய்த் திறந்துவிட்டு வந்து, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். குடையை மடக்கிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்தது ஆய்வுக்கு வருகிற மேடம்.

மேடம் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தார். "இந்த நேரத்துக்கு நிறம் அறிதல், சிவப்புன்னுல்ல போட்டிருக்கு. எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?"

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுந்து, துணியை உதறி, "எல்லாரும் பாயில உக்காருங்க, சிவப்பு எங்க இருக்கு சொல்லுங்க" என்று ஆரம்பித்திருந்தால் என் வேலைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. பயம் எனக்கும் இருந்தது, ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. ஆனால் மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தேன்மொழி கால்மணி நேரம் ஓர் இடத்தில் இருந்தாள். அவளுக்கு அது கடைசி நாள் வேறு.

"மேடம், நான் இப்ப இறங்குனா லோடு குறைஞ்சிரும்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேடம் பதில் சொல்வதற்குள் முன்சீட்டிலிருந்து தேன்மொழி, "ஒரு ஆளுதான் பாக்கி. வெரசா ஏறுங்க, மழை வருது" என்றாள்.

மேடம் நின்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன நினைத்தாரோ, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வாசல் கதவு திறந்தே கிடந்தது.

ஜீப்பு கிளம்பியது. இடது பக்க வளைவுக்கு எல்லாரும் இடது பக்கம் சாய வேண்டும், வலது பக்கத்துக்கு வலது. மேடம் ஒரு வளைவு தாமதமாகவே சாய்ந்துகொண்டு வந்தார். கிளி அட்டைக்காரி அவர் கையில் ஒரு பாலித்தீன் பையைத் திணித்து, "வாந்தி வந்தா இதுல" என்றாள்.

"எனக்கு வராது பாப்பா."

"எல்லாருக்கும் வரும்."

மெட்டு வந்தது. "சபரி, நீ இறங்கிச் செக்போஸ்டு ஆகு. பெறகு ஏறிக்கோ" என்றாள் தேன்மொழி. சபரி இறங்கி, மலையாளப் போலீஸ் மாதிரி விறைப்பாக நின்று, "எவிடே போறே? கார்டு காட்டு" என்றான். மேடம் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் காட்டினார். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, "போலாம் ரைட்டு" என்றான்.

அப்போதுதான் வெளியே நிஜ ஜீப்பு ஒன்று ஹாரன் அடித்தது. இரண்டு தடவை, நீளமாக. அது பேச்சியம்மாள் போகிற ஜீப்பின் ஹாரன். எங்கள் பிள்ளைகள் எந்த ஹாரன் எந்த ஜீப்பு என்று தூக்கத்திலும் சொல்வார்கள். சபரியும் இன்னும் நாலு பேரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். கதவு திறந்து கிடந்தது. நான் நாற்காலிக்குள் சிக்கிக்கொண்டிருந்தேன், எழுந்தால் நாற்காலியும் கூடவே வரும்.

தேன்மொழி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். 'ஏய், ஓடாதே' என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன். முப்பது வருடம் கத்திப் பிழைத்தவளுக்கு அந்த ஒரு விழுங்கல் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இப்போது புரியாது.

அவள் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "யாரு இறங்கச் சொன்னா? வளைவுல இறங்குனா உருண்டுருவீங்க. ஏறுங்கடா." ஐந்து பேரும் திரும்ப ஓடி வந்து ஏறினார்கள்.

மேலே ஏழாவது வளைவில் பாறை விழுந்து ரோடு அடைத்திருக்கிறது என்று ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பேச்சியம்மாள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். நேராக அலமாரிக்குப் போய் மகளின் தட்டையும் மாற்றுத் துணியையும் எடுத்துப் பையில் போட்டாள். "ஜீப்புலயே கங்காணிகிட்டச் சொல்லிட்டேன் டீச்சர். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன். தேனு, வா போவோம்."

தேன்மொழி திரும்பவில்லை. "லோடு இருக்கும்மா."

"அம்மா வந்திருக்கேன்டி."

"பாத்தேன். ஓரமா நில்லு, ஜீப்பு திரும்புது."

பேச்சியம்மாள் ஓரமாக நகர்ந்தாள். நிஜமாகவே சுவரோடு ஒட்டி நின்றாள். தினமும் காலையில் சேலையைக் கிழிக்கிற பிள்ளை, பூப்பாறை வரைக்கும் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் வருவேன் என்று நிற்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஈர முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. தலையில் துணி கிடந்ததால் சௌகரியமாகப் போயிற்று.

பூப்பாறையில் எல்லாரும் இறங்கினோம். மேடம் நாற்காலியிலிருந்து எழ இரண்டு பிள்ளைகள் கைகொடுத்தார்கள். அவர் நோட்டைத் திறந்து, 'சிவப்பு நடத்தப்படவில்லை' என்று எழுதினார். எழுதத்தான் எழுதினார். பாலித்தீன் பையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டும் போனார்.

தேன்மொழி மூடியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள். "தட்டை ஏன் எடுத்தே? நாளைக்கு நான் எதுல சாப்பிடுறது?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் பையிலிருந்து தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு மகளைக் கேட்டாள், "நாளைக்கு உன் ஜீப்பு எத்தனை மணிக்கு?"

"லோடு ஆனதும்."

"அப்ப வெரசா கொண்டாந்து விட்டுர்றேன்" என்றாள்.